உயிரிவாயு எஞ்சின்: வாங்க ஆளில்லாத வெப்பம்

உயிரிவாயு எஞ்சினை மின்சாரம் தரும் கருவியாக மட்டுமே எடைபோடுவது நம் திட்ட அறிக்கைகளின் வழக்கம். 60 விழுக்காடு மீத்தேன் கொண்ட ஒரு கன மீட்டர் வாயுவில் சுமார் 6 யூனிட் ஆற்றல் உண்டு. அதில் இரண்டே கால் யூனிட் மின்சாரமாகிறது. ஏறக்குறைய அதே அளவு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரிலும் புகையிலும் வெப்பமாகக் கிடைக்கிறது. எஞ்சினை எங்கே நிறுவுவது என்பதை இந்த இரண்டாம் பங்குக்கு ஆள் இருக்கும் இடமே தீர்மானிக்க வேண்டும்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் அருகேயுள்ள யூன்டே கிராமம் 2005இல் அப்படித்தான் செய்தது. எஞ்சினின் சூடுநீர் குழாய்வழி வீடுகளுக்குப் போனது. அந்நாட்டின் 2012ஆம் ஆண்டுச் சட்டம், சாணத்தையே பெரிதும் நம்பிய நிலையங்கள் நீங்கலாக, புதியவை 60 விழுக்காடு வெப்பத்தைப் பயன்படுத்தியாக வேண்டும் என்றது. வாயு உருவாகும் செரிகலனைச் சூடேற்றும் செலவுக்கென அதிலேயே 25 புள்ளி கழித்துக்கொள்ளவும் அது அனுமதித்தது.

அந்தச் சலுகை சும்மா வந்ததல்ல. குளிர்காலத்தில் 8 பாகையில் இருக்கும் ஒரு கன மீட்டர் சாணக்கரைசலை 38 பாகைக்கு ஏற்ற 35 யூனிட் வெப்பம் வேண்டும். அந்தக் கரைசல் தரும் வாயு ஏறத்தாழ 25 கன மீட்டர். அதை எரிக்கும் எஞ்சினிலிருந்து மீளும் வெப்பம் 60 யூனிட்டுக்குள்தான். பாதிக்கு மேல் கலனே விழுங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் கரைசல் 28 பாகையிலேயே வந்து சேர்வதால் 12 யூனிட் போதும். ஆக, உபரி வெப்பம் நம்மிடம்தான் அதிகம். வீட்டைச் சூடாக்க அதைக் கேட்பவர்தான் இல்லை. கொடுங்கையூர், பெருங்குடி போன்ற கழிவுநீர் நிலையங்களின் எஞ்சின்கள் நிலையத்துக்கான மின்சாரத்தைத் தருவது நல்ல பலன்தான். ஆனால் வெப்பத்தை வாங்குபவர் அந்த வேலிக்குள் யார்?

சேலத்துச் சேகோ ஆலைகளின் நிலை வேறு. மரவள்ளி மாவு பிரித்த கழிவுநீரே வாயு தருகிறது. ஜவ்வரிசி வறுக்க எஞ்சினிலிருந்து வரும் 85 பாகைத் தண்ணீர் போதாது, உண்மைதான். ஆனால் களத்தில் காயும் ஈர மாவும் திப்பியும் (மாவு பிரித்தபின் மிஞ்சும் சக்கை) மழை நாளில் முடங்கும்போது, அந்தத் தண்ணீரால் சூடேறிய காற்றே போதும்.

இன்னும் பொருத்தமானது பால் பதப்படுத்தும் நிலையம். பாலை 72 பாகையில் 15 விநாடி வைத்தால் போதும். அதற்கு எஞ்சின் நீரின் வெப்பம் தாராளம். தேவையும் ஆண்டு முழுவதும் உண்டு. அதே வெப்பத்தில் ஓடும் உறிஞ்சுமுறைக் குளிரூட்டி, பாலைப் பத்துப் பாகை வரை குளிர்விக்கும். மிச்சத்தை மின் கம்ப்ரசர் பார்த்துக்கொள்ளும்.

ஒரு தடை: வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடை நீக்காவிட்டால், புகையைச் சுமார் 180 பாகைக்குக் கீழே குளிர்விக்கும்போது கந்தக அமிலம் படிந்து வெப்பமாற்றியை அரித்துவிடும். கணக்கில் வரும் புகைவெப்பம் முழுதும் கைக்கு வராது. எனவே எஞ்சினின் கிலோவாட் திறனைப் பார்த்து மானியம் வழங்குவதைவிட, சூடுநீர்க் குழாயில் வெப்ப மீட்டர் பொருத்தி, அது காட்டும் யூனிட்டுக்கு வழங்குவதே நியாயம்.