குளிரைத் தேடி: உதகைக்கு வந்தோரின் நோக்கமும் மலையின் கொள்ளளவும்

மே மாதத்துக் காலை. கல்லாறு சோதனைச்சாவடியில் ஒரு வேன் நிற்கிறது. பணியாளர் ஒருவர் இருக்கைக்கு அடியில் குனிந்து, காலியும் பாதியுமாகக் கிடக்கும், மலைக்குக் கொண்டுபோகக் கூடாத பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை எடுத்துச் சாக்கில் போடுகிறார். உள்ளே பாட்டி, பேரக்குழந்தைகள், மடியில் புளிசாதப் பொட்டலம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், “ஊட்டிக்கு” என்பார்கள். ஏன் என்று கேட்டால், “வெயில் தாங்கலைங்க” என்பார்கள். அந்த இரண்டாவது விடைக்கு 200 ஆண்டு வரலாறு உண்டு.

ஒருவரை வீட்டிலிருந்து கிளப்புவது அகத்தின் உந்துதல், இன்ன ஊருக்கு என்று தீர்மானிப்பது அந்த ஊரின் ஈர்ப்பு என்று 1977-இல் சுற்றுலா ஆய்வாளர் கிரஹாம் டான் பிரித்துக் காட்டினார். 1979-இல் இன்னொரு ஆய்வாளர் ஜான் கிராம்ப்டன், அன்றாடத்திலிருந்து விடுபடுவதையும் குடும்ப உறவை நெருக்கமாக்கிக்கொள்வதையும் பயண நோக்கங்களாகக் கணக்கில் எடுத்தார். புளிசாத வேனுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் வருகிறவரின் நோக்கம் வந்து சேர்ந்த ஊரை என்ன செய்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. நீலகிரியின் வரலாறு அதற்கு விடை வைத்திருக்கிறது.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறினார். சமவெளியின் வெயிலாலும் காய்ச்சலாலும் நலிந்த வெள்ளையருக்கு இந்தக் குளிர் மருந்தாகும் என்பது அவருடைய நம்பிக்கை. முதலில் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் பங்களா எழுந்தது. 1822-இல் உதகையில் கல் வீட்டுக்கு வேலை தொடங்கியது. ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கியவரும் அவரே. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்துவந்த புல்வெளியில்தான் இந்த ஊர் எழுந்தது. அவர்களுடைய நில உரிமைக்காக சல்லிவன் வாதாடினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடல் தேற வந்தவர்கள் ஊர் அமைத்தார்கள். குளிருக்குக் கணப்பு வேண்டும், கணப்புக்கு விறகு வேண்டும். சோலைகள் வெட்டுப்பட்டன. அந்த விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கத்தான் 1840-களில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. இன்று பயணிகள் நின்று படம் எடுக்கும் கற்பூர மரத் தோப்பும், கடைதோறும் விற்கும் தைலமும் அந்தத் தேவையில் பிறந்தவை. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சிவைத்துக் கோடையில் ஓடைக்கு விடுபவை. அந்தப் புல்வெளியில் பெரும் பரப்பைச் சீகை மூடிவிட்டது. நீலகிரிக்கு நேர்ந்த மிகப் பெரிய கேடாக நான் கருதுவது இதைத்தான். கட்டடங்களின் பெருக்கம்கூட அதற்கு அடுத்தபடிதான்.

1848-இல் தாவரவியல் பூங்கா, 1896-இல் மலர்க் கண்காட்சி என்று நோக்கம் மருந்திலிருந்து கேளிக்கைக்கு நகர்ந்தது. சென்னை மாகாண அரசே கோடையில் இங்கு குடியேறியது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் ரயில் வந்தது. விடுதலைக்குப் பின் துரைமாரின் கோடை நடுத்தரக் குடும்பங்களின் கோடை விடுமுறையானது. அடுத்து சினிமா. ‘மூன்றாம் பிறை’ (1982) முடியும் கேத்தி ரயில் நிலையத்தைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு சுற்றுலாத்தலம் கண்டறியப்பட்டு, வளர்ந்து, தேங்கி, பிறகு சரியும் அல்லது புத்துயிர் பெறும் என்று 1980-இல் ஆய்வாளர் ரிச்சர்ட் பட்லர் சொன்னார். உதகை தேக்கத்தை எட்டிவிட்டதற்கான அடையாளங்களைச் சட்டங்களிலேயே காணலாம். மலையிடக் கட்டடங்களுக்கு 1993-இல் தனி விதிகள் வந்தன. 2000-களின் தொடக்கத்தில் அன்றைய நீலகிரி கலெக்டர் சுப்ரியா சாகு பிளாஸ்டிக்குக்கு எதிராக இயக்கம் நடத்தினார். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகள் இருக்கக் கூடாது என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால், மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் நாளொன்றுக்கு 8,000 வண்டிகள் என்று வரம்பு விழுந்தது. வருகிறவரை அழைப்பதற்கென்றே எழுந்த ஊர், வருகிறவரை எண்ணத் தொடங்கியது.

இந்த வரம்பை எதிர்த்து வணிகர்கள் கடையடைத்தார்கள். அவர்கள் கோபத்தை அலட்சியப்படுத்த முடியாது. வர்க்கி விற்பவருக்கும் குதிரை ஓட்டுபவருக்கும் ஏப்ரல், மே வருமானம்தான் ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்கிறது. ஆனால் அவர்கள் விற்கும் முதல் சரக்கு குளிரும் பசுமையும். போக்குவரத்து நெரிசலில் மூன்று மணி நேரம் புகை குடித்தவர் அடுத்த ஆண்டு மூணாறுக்கோ ஏற்காட்டுக்கோ போய்விடுவார். குளிர் அங்கும் கிடைக்கும். அங்கே கிடைக்காதவை தோடர் குடியிருப்பான மந்தும், அவர்கள் கையால் பூவேலை செய்யும் பூத்துக்குளிச் சால்வையும், பல்சக்கர ரயிலும்தான். போட்டியில் உதகையை நிலைநிறுத்துபவை இவை. மலையைக் காப்பதும் சந்தையைக் காப்பதும் இந்த ஊரில் ஒரே வேலை.

இ-பாஸில் எனக்குள்ள குறை வேறு. அது வண்டியை எண்ணுகிறது; அறைகளையும் குப்பையையும், விடுதிகள் விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீரையும் எண்ணுவதில்லை. கொள்ளளவை ஆய்வு செய்ய ஐஐடி மெட்ராஸையும் ஐஐஎம் பெங்களூரையும் நீதிமன்றம் பணித்தது சரியான வழி. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவருக்கு இ-பாஸ் வேண்டாம் என்பதும் சரி. அந்த விலக்கையே முதன்மைக் கொள்கையாக்கி, பேருந்துகளைக் கூட்டி, சமவெளியிலேயே கார்களை நிறுத்தவைக்க வேண்டும்.

மெதுவாகப் போனால் மக்கள் வருவார்களா என்ற ஐயத்துக்கு மேட்டுப்பாளையம் மலை ரயிலில் விடை இருக்கிறது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர், 208 வளைவுகள். காலை 7 மணிக்குமேல் கிளம்பும் ரயில் உதகையை எட்ட நண்பகலாகிவிடும். 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த அந்தப் பாதையில் இடம் கிடைப்பதே பாடு. ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்கிவிடுவார்கள். குரங்குக்குப் பயந்து முறுக்குப் பொட்டலத்தைச் சேலைக்குள் மறைத்தபடி ஒரு பாட்டி பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பார். வண்டி கிளம்ப நேரமாகிறதே என்று அங்கே ஒருவரும் சலித்துக்கொண்டு நான் கேட்டதில்லை.