ஒற்றை மருந்து போதாமல் போன வரலாறு

தோல் புற்றுநோய்களுள் அரிதாகவே தோன்றினும் மிகக் கொடியதான மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் உருவாவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிஸ் மருத்துவர் ரெனே லெனெக் அதனைத் தனி நோயாக விவரித்திருந்தும், உடலெங்கும் பரவிய நிலையில் மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்தது 1975இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டகார்பசின் என்னும் மருந்தையே. அதுவும் சிலருக்கு மட்டுமே கட்டியைச் சுருக்கிற்று.

இந்நிலையை மாற்றிய அறிவு புற்றுநோய் ஆய்விலிருந்து தொடங்கியதன்று. பிறந்த எலிக்குஞ்சுகளின் இமைகளை உரிய காலத்துக்கு முன்பே திறக்கச் செய்த ஒரு புரதத்தை, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஸ்டான்லி கோஹன் பிரித்தெடுத்து 1962இல் அறிவித்தார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர்பெற்ற அப்புரதம், உயிரணுவின் புறச்சவ்வில் பதிந்துள்ள ஏற்பி என்னும் மற்றொரு புரதத்தைப் பற்றிக்கொள்ள, பெருகுவதற்கான ஆணை ராஸ், ராஃப், மெக், எர்க் என்னும் புரதத் தொடரின் வழியே உட்கருவை அடைகிறது என்பது பின்னர்ப் படிப்படியாகத் தெளிவாயிற்று. கோஹனுக்கும் ரீட்டா லெவி மொண்டால்சினிக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

மெலனோமாக்களுள் ஏறத்தாழப் பாதியில், ஏற்பியின் ஆணைக்குக் காத்திராமல் ஓயாது இயங்கும்படி அத்தொடரின் ராஃப் புரதங்களுள் ஒன்றுக்கான பி-ராஃப் மரபணு திரிந்திருப்பதை இங்கிலாந்தின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் வெளிப்படுத்தினர். அத்திரிபைத் தடுக்கும் வெமுராஃபெனிப் 2011இல் ஒப்புதல் பெற்றபோது, பல நோயாளிகளின் கட்டிகள் சில வாரங்களிலேயே சுருங்கியதை மருத்துவ உலகம் வியப்புடன் கண்டது. ஆயினும் பெரும்பாலோரிடம் ஓராண்டுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கிற்று.

அதன் காரணத்தை ஆய்வகங்கள் 2010இலேயே காட்டத் தொடங்கியிருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், மருந்துக்கு அடங்காத உயிரணுக்கள் சிலவற்றில் தட்டணு வழி வளர்ச்சிக் காரணியின் ஏற்பி மிகுந்திருப்பதைக் கண்டனர். பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தார் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி அவ்வாறே செயல்படுவதைக் கண்டதோடு, அதனையும் மெக் நொதியையும் ஒருங்கே தடுத்தால் அவ்வுயிரணுக்கள் மடிவதையும் நிறுவினர். நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தார் 2014இல் ஆராய்ந்த, மருந்துக்குப் பணியாத 16 கட்டிகளுள் 6இல் மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி புதிதாகத் தோன்றியிருந்தது. மருந்தை நிறுத்தினால் அந்த ஏற்பி மிகுந்த உயிரணுக்களின் வளர்ச்சி குன்றுகிறது என்பதும் அவ்வாய்விலேயே வெளிப்பட்டது. நோய்க்கு முதலில் தேவைப்படாதிருந்த ஏற்பிகளே அதன் மாற்றுவழிகளாயின என்பதுதான் இம்முடிவுகளின் சாரம்.

எனினும் மருத்துவமனைக்கு முதலில் வந்த கூட்டு, ஏற்பித் தடுப்பான் சேர்ந்ததன்று. ஒரே தொடரின் இரு கண்ணிகளைத் தடுக்கும் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் ஆகிய இரண்டும் 2014 ஜனவரியில் அமெரிக்காவில் இணைத்து ஒப்புதல் பெற்றன; ஒற்றை மருந்து உண்டாக்கிய வேறுவகைத் தோல் புற்றுக்கட்டிகளும் இக்கூட்டினால் குறைந்தன. அதனைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொருவர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர் என 2019இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பி-ராஃப் தடுப்பானுடன் ஏற்பித் தடுப்பானைச் சேர்க்கும் முறை 2020இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது; மெலனோமாவிலோ மருந்தை மீறும் வழி கட்டிக்குக் கட்டி வேறுபடுவதால், எந்த ஏற்பியைத் தடுப்பது என்பதை ஒவ்வொரு நோயாளியிடத்தும் தனித்தே ஆராய வேண்டியிருக்கிறது.