செயற்கை நுண்ணறிவுத் திறனும் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பும்

செயற்கை நுண்ணறிவுத் திறன் என்பது தரவுகளிலிருந்து கற்கும் கணினி முறைமைகளை உருவாக்கவும், அவற்றைத் தம் துறைப் பணியில் பயன்படுத்தவும், அவை தரும் விடையைச் சரிபார்க்கவும் ஒருவருக்கு உள்ள ஆற்றல் ஆகும். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியான பின்னர், புதிய பட்டதாரிகளிடம் இத்திறன் கூடுதலாக எதிர்பார்க்கப்படுகிறது.

தொடக்கநிலைப் பணிகள்

இந்திய மென்பொருள் நிறுவனங்கள் நெடுங்காலம் புதிய பட்டதாரிகளைப் பெருமளவில் சேர்த்து, சோதனை, சிறு வழுத்திருத்தம், ஆவணமாக்கம் போன்ற பணிகளில் பழக்கி வந்தன. இப்பணிகளையே இம்மென்பொருள்கள் எளிதில் செய்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் இத்தாக்கம் மிகுந்த தொழில்களில், 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13% குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 இல் கண்டனர். அதே தொழில்களில் அனுபவம் உள்ளோருக்கு அத்தகைய வீழ்ச்சி இல்லை. நூலறிவை மென்பொருள் ஈடுசெய்யும், பட்டறிவை ஈடுசெய்வது கடினம் என்பது அவர்கள் கூறும் விளக்கம்.

எல்லா ஆட்குறைப்பையும் இதனுடன் இணைத்தல் பொருந்தாது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 2025 சூலையில் அறிவித்த சுமார் 12,000 பேர் குறைப்பு பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பணியாளரைச் சார்ந்தது; செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணமன்று என அந்நிறுவனம் கூறியது.

தமிழ்நாட்டில் கல்வி

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2020-21 முதல் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் இளநிலைப் படிப்பு நடைபெறுகிறது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் இத்துறைப் பயிற்சிகள் உள்ளன. எனினும் பட்டத்தின் பெயர் மட்டும் திறன் ஆகாது. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம் ஆகியவற்றில் அடிப்படை இல்லாதவர் மென்பொருளின் பிழையைக் கண்டறிய இயலாது.

சிவகாசி வட்டாரம்

எம். புதுப்பட்டி உள்ளிட்ட சிவகாசி வட்டார ஊர்களில் பட்டாசுத் தொழிலை நம்பிய குடும்பங்கள் பல. தம் பிள்ளைகள் மருந்து அறைக்குச் செல்லாதிருக்க அவர்களைப் படிக்க வைப்போர் உண்டு. கையால் செய்யப்படும் இடர்மிகு மருந்து அடைப்பு வேலையை இம்மென்பொருள்கள் தொடவில்லை. அதிலிருந்து வெளியேற உதவிய தொடக்கநிலை அலுவலகப் பணியையே தொடுகின்றன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இவ்வட்டாரத்தின் மற்றொரு தொழிலான அச்சில் நிலைமை சற்று வேறானது. பட்டாசுப் பெட்டிக்கோ நாட்காட்டிக்கோ ஒரு படத்தைச் சில நொடிகளில் மென்பொருள் வரைந்துவிடும். ஆயினும் அதில் தமிழ் எழுத்துகள் பல வேளை சிதைந்து வருவதால் அவற்றைத் திருத்தவும், நான்கு வண்ண அச்சுக்கேற்பப் படத்தைப் பிரித்து அமைக்கவும் தொழில் அறிந்தவர் தேவைப்படுகிறார்.