தொப்பைக்குள் ஒரு தணல்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஹாஸ்டல் நினைவுகள். அதை எழுதக் கைதேர்ந்தவர்கள் எங்கள் பேட்ச்சிலேயே பத்துப் பேர் உண்டு. நான் படித்தது இன்ஸ்ட்ருமெண்டேஷன். எழுதப் போவதோ ஒரு வைத்திய வரலாறு. சம்பந்தம் போகப் போகப் புரியும்.

1876-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற டாக்டர் ஒரு விநோதத்தை எழுதி வைத்தார். சர்க்கரை நோயாளிக்கு சோடியம் சாலிசிலேட் கொடுத்தால் சிறுநீரில் இறங்கும் சர்க்கரை குறைகிறது! அது ஆஸ்பிரினின் பெரியப்பா மாதிரி, மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மருந்து. 1901-ல் மான்செஸ்டரில் வில்லியம்சன் என்பவரும் இதையே பார்த்தார். 1921-ல் இன்சுலின் கண்டுபிடித்ததும் சாலிசிலேட்டை எல்லோரும் மறந்தாயிற்று.

1957-ல் பிரிட்டனில் மறுபடியும் அதே கதை. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு மூட்டு வலிக்காக நிறைய ஆஸ்பிரின் கொடுத்தார்கள். ஊசியே வேண்டாம் என்றாகிவிட்டது. மூட்டு சரியாகி ஆஸ்பிரினை நிறுத்தியதும் சர்க்கரை பழையபடி ஏறியது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். அந்த அளவில் காது இரையும், வயிறு புண்ணாகும்.)

இன்னொரு பக்கம், 1988-ல் அமெரிக்காவில் ஜெரால்ட் ரீவன் ஒரு சொற்பொழிவில், இன்சுலினுக்கு உடம்பு மசியாமை, ரத்தக் கொதிப்பு, ஏறிய ட்ரைகிளிசரைடு, இறங்கிய நல்ல கொழுப்பு எல்லாம் ஒரே கூட்டணி என்றார். 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரும் வைத்தார். இன்று அதுதான் மெட்டபாலிக் சிண்ட்ரோம். இடுப்புச் சுற்றளவு பின்னால் வந்து சேர்ந்தது.

இந்த இரண்டு தண்டவாளங்களும் சேர்ந்தது 1993-ல். ஹார்வர்டில் கோகன் ஹோதாமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர் குண்டு எலிகளின் கொழுப்பைச் சோதித்தார்கள். கிருமி வந்தால் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் டி.என்.எஃப். என்ற பொருளைக் கொழுப்பே சுரந்துகொண்டிருந்தது. அதைத் தடுத்தால் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்தது. எங்கள் பாஷையில் சொன்னால், அலாரம் ஒயரிலிருந்து இன்சுலினின் சிக்னல் ஒயருக்குள் இரைச்சல் புகுந்துவிட்டது. அதுவரை கொழுப்பை வெறும் குதிர் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

2003-ல் இன்னொரு படி. பருத்த கொழுப்புக்குள் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதை அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. சாகும் கொழுப்புச் செல்லைச் சுற்றி அவை கிரீடம் மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் அழற்சி இருக்கிறது. பிளாண்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: அலறுகிற அலாரத்துக்கு எல்லோரும் ஓடுவோம், வருஷக்கணக்காக எரிகிற சின்ன விளக்கை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அந்த விளக்கைக் காட்டும் மீட்டர்தான் சி.ஆர்.பி. 1930-லேயே நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகள் ரத்தத்தில் கண்டது. கடும் தொற்றில் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். இங்கே பேச்சே 3, 4 பற்றித்தான். நுட்பமான சோதனை வந்த பிறகே அது தெரிந்தது. சி.ஆர்.பி. கூடுதலாக இருந்த பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை அதிகம் வந்ததை 2001-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் சி.ஆர்.பி. புகைதான், நெருப்பல்ல என்று பிறகு மரபணு ஆய்வுகள் சொல்லிவிட்டன.

எங்கள் பேட்ச்சில் 'குச்சி' என்று பட்டப் பெயர் வாங்கியவனுக்கு 34 வயதில் சர்க்கரை. "என்னடா, குண்டா இருந்தாத்தானே வரும்னாங்க?" என்று போனில் கேட்டான். அவனுக்கு நான் சொன்னது, 2004-ல் லான்செட்டில் வந்த ஒரு போட்டோவை. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! குச்சிக்கும் கையும் காலும்தான் குச்சி. வயிறு கல்யாணத்தன்றே சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

எப்ஸ்டைன் கதைக்கு விடை 2001-ல் வந்தது. பாஸ்டனில் ஷோல்சன் குழு, சாலிசிலேட் அழற்சியின் ஒரு முக்கிய சுவிட்சை அணைப்பதால்தான் இன்சுலின் தேறுகிறது என்று எலிகளில் காட்டியது. கேள்வி 1876-ல், பதில் 125 வருஷம் கழித்து! அதன் உறவுக்காரரான சால்சலேட்டை 286 பேருக்குச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். ஹெச்பிஏ1சி 0.37 இறங்கியது, கூடவே கெட்ட கொழுப்பு ஏறியது. மருந்தாக அது நிலைக்கவில்லை. 2017-ல் 10,061 இதய நோயாளிகளிடம் நடந்த இன்னொரு சோதனையில், அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி மாரடைப்பு போன்றவற்றை 15 சதவீதம் குறைத்தது. ஆனால் புதிதாகச் சர்க்கரை வருவதைத் தடுக்கவில்லை. ஆகவே வழக்கு இன்னும் முடியவில்லை. எடை குறைந்தால் சி.ஆர்.பி.யும் இறங்குகிறது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

நம் போன்ற தெற்காசியருக்கு வைத்திருக்கும் இடுப்பளவு, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ரீயூனியன் அன்று என் பையில் இன்ச் டேப் இருக்கும். சீனியர் அண்ணன்மார் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டால் நல்லது.