அளவுகோல் மறைத்த கொழுப்பு: சொரியாசிஸ் ஆய்வின் ஒரு வரலாறு

சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்கும் உடற்கொழுப்புக்கும் தொடர்பு உண்டென்பது இன்று தோல் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட செய்தி. ஆனால் உடலின் எப்பகுதியிலுள்ள கொழுப்பு, அதை எதைக்கொண்டு அளந்தோம் என்னும் வினாக்களுக்குத் தனி வரலாறு உண்டு. நோய்வாய்ப்பு உடையவர் யார், இல்லாதவர் யார் என்பதை அந்த அளவுகோலே தீர்மானிப்பதால், இவ்வரலாறு நமக்கு வேண்டியதாகிறது.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். நெடுங்காலம் இது தொழுநோயோடு சேர்த்து எண்ணப்பட்டது. 1808இல் இலண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் இதன் தோற்றத்தைத் துல்லியமாக விவரித்தார். எனினும் தொழுநோயைக் குறிக்கும் சொல்லை அவராலும் முற்றிலும் விலக்க இயலவில்லை. 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா அச்சொல்லை நீக்கி, இதைத் தனி நோயாக நிறுவினார்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் உடலை எண்ணால் அளக்கும் முயற்சியும் தொடங்கியது. பெல்ஜியத்தின் வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்டலே, வளர்ந்தோரின் எடை அவர்தம் உயரத்தின் வர்க்கத்துக்கேற்ப அமைவதை 1832இல் காட்டினார். அவர் தேடியது 'சராசரி மனித'னை, நோயாளியை அன்று. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 ஆண்களின் அளவுகளைக் கொண்டு இதனைச் சோதித்து, 'உடல் நிறைச் சுட்டெண்' எனப் பெயரிட்டார். மக்கள்தொகையை ஆராயப் பிறந்த இந்த எண், காலப்போக்கில் தனிமனிதரைத் தரம்பிரிக்கும் கோலாயிற்று.

இதற்கிடையே, 1947இல் மார்செய் நகரின் மருத்துவர் ழான் வாக் வேறொரு கருத்தை முன்வைத்தார். கொழுப்பின் அளவைவிட அது உடலில் எங்கே சேர்கிறது என்பதே முதன்மையானது என்றார். பல்லாண்டுகள் கழித்தே அக்கருத்துக்கு உரிய கவனம் கிடைத்தது. வயிற்றின் உள்ளே, உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்றான டிஎன்எஃப் ஆல்ஃபாவைத் தடுக்கும் மருந்துகளே சொரியாசிஸுக்கும் தரப்படுகின்றன.

2007இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வு, 78,626 பெண்களை 14 ஆண்டுகள் தொடர்ந்தது. சுட்டெண் 35க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, மெலிந்தோரைவிட ஏறத்தாழ 2.7 மடங்காக இருந்தது. நோயால் முடங்கியதால் எடை கூடியதா, எடை கூடியதால் நோய் வந்ததா என்ற ஐயத்துக்கு 2019இல் மரபணுவழி ஆய்வொன்று விடை தேடியது. பிறப்பிலேயே அமையும் மரபணு வேறுபாடுகளை வைத்துப் பார்த்தபோது, பருமனே நோய்க்கு வழிவகுப்பதாகத் தெரிந்தது. 2025இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், பிரிட்டனின் உயிரித்தரவு வங்கியிலிருந்து 3.3 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் 25 வகைக் கொழுப்பளவுகளை ஒப்பிட்டனர். சுட்டெண்ணைவிட வயிற்றுப்பகுதிக் கொழுப்பே நோயோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. பெண்களிடம் அது இன்னும் வலுவாக இருந்தது. வாக் சொன்னது தோலிலும் மெய்ப்பட்டது.

அந்த ஆய்வில் இடம்பெற்றோர் வெள்ளை இனப் பிரித்தானியர். ஆகவே அதன் எண்களை அப்படியே நம் நாட்டுக்குப் பெயர்த்தல் தகாது. ஆயினும் அதன் பாடம் நமக்கு அந்நியமன்று. 2004இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தம் இருவரையே சான்றாக்கிக் கட்டுரை வெளியிட்டனர். இருவரின் சுட்டெண்ணும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண்ணுக்குள் இருவேறு உடல்கள்! இந்தியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற தனி வரம்பு வகுக்கப்பட்டதும் இத்தகைய வேறுபாட்டைக் கருதியே.

மெலிந்தோருக்கும் சொரியாசிஸ் வருகிறது. மரபுக்கும் அதில் பங்குண்டு. எனவே இவ்வரலாறு நோயாளியின் உடலைப் பழிக்கும் கருவியாகிவிடக் கூடாது. தொற்றாத இந்நோயைத் தொழுநோயென்று ஒதுக்கிய காலத்தின் எச்சம் இன்னும் முற்றும் மறையவில்லை. சொல்லின் பிழையை ஹெப்ரா 1841இல் திருத்தினார். கோலின் குறையைத் திருத்துவது நம் காலத்தின் பணி. எடை பார்க்கும் கருவியோடு ஓர் அளவுநாடாவும் மருத்துவர் மேசையில் இருந்தால் அதற்கு அதுவே நல்ல தொடக்கம்.