படையில் பதவி உயர்வும் படிப்பும்: சென்னை ராணுவ மரபை முன்வைத்து

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் கருவறைக்கு முன்னே இரண்டு எருக்கந்தூண்கள் உண்டு. குறும்பர் கோட்டையை வென்ற தொண்டைமான் அங்கிருந்து பெயர்த்து வந்து நட்டவை என்கிறது தலபுராணம். நந்தியும் இங்கே இறைவனைப் பார்த்துப் படுத்திருக்கவில்லை. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலத்தில் வாசலைப் பார்க்கிறது. புராணத்தை வரலாறாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் படைத்தொழிலில் ஒருவனது தகுதிக்கு எதைச் சான்றாகக் காட்டினார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தூண்கள் பழைய விடை ஒன்றைச் சொல்கின்றன. வென்றவன் தோற்றவனின் கோட்டையிலிருந்து எதையாவது எடுத்து வர வேண்டும்.

கோயிலுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ஆவடி. விமானப்படை நிலையம், கனரக வாகனத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாம் என்று சீருடை சார்ந்த வாழ்க்கை அந்தப் பகுதியின் இயல்பு. அங்கே பணியாற்றுபவர்களுக்குப் பதவி உயர்வு என்பது கேடர் பயிற்சி, எழுத்துத் தேர்வு, ஆண்டறிக்கை, வாரியம் என்ற நான்கு சொற்களில் அடங்கிவிடும். தூணிலிருந்து தாளுக்கு வந்த இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒவ்வொரு காலத்திலும் தேர்வில் எந்தப் பாடம் வைக்கப்பட்டது என்று பார்த்தால், அந்தப் படை அப்போது எதைக் கண்டு அஞ்சியது என்பது புலப்படும் என்பது என் கருத்து.

படைத்தலைவன் படித்தவனாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது அல்ல. பல்லவர் படைத்தலைவராக வாதாபிப் போருக்குச் சென்ற பரஞ்சோதி, அதாவது சிறுத்தொண்டர், ஆயுர்வேதமும் வடநூல்களும் கற்றவர், படைக்கலப் பயிற்சியிலும் யானை, குதிரை ஏற்றத்திலும் தேர்ந்தவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியது இது. பல்லவர் காலத்துப் பாடத்திட்டம் என்று இதைக் கொள்ள முடியாது. ஆனால் ஒரு தளபதிக்குரிய கல்வி என்று சோழர் காலம் எதைக் கருதியது என்பதற்கு நல்ல சான்று. சிறந்த படைத்தலைவனுக்கு அரசன் ஏனாதிப் பட்டமும் மோதிரமும் அளிக்கும் வழக்கம் இதற்கும் மிக முந்தியது. பட்டம் கொடுப்பதும் மறுப்பதும் அரசன் கண்ணில் பட்டதைப் பொறுத்தது. அதற்குமேல் முறையீடு கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க காலமும் ஏறக்குறைய அப்படித்தான். 1748இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் சோழமண்டலக் கரைக்கு வந்து கம்பெனியின் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அவர் கண்ணில் பட்டவர்களில் ஒருவர் யூசுப் கான். மருதநாயகம் என்று நாம் அறிந்தவர். திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் காட்டிய திறமையால் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவர் என்ற நிலைக்கு உயர்ந்தார். எந்தத் தேர்வும் எழுதவில்லை. லாரன்ஸின் பரிந்துரை போதுமானதாக இருந்தது. 1764 அக்டோபரில் மதுரையில் யூசுப் கானைத் தூக்கிலிட்டதில் அதே கம்பெனிக்கும் பங்கு உண்டு. இந்தியர் ஒருவர் அந்த உயரத்துக்குப் போவதைக் கம்பெனி பிறகு விரும்பவில்லை. 1796ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் ஒவ்வொரு பட்டாளத்திலும் ஐரோப்பிய அதிகாரிகளின் எண்ணிக்கை கூடியது. இந்தியருக்கு எஞ்சியவை சுபேதார், ஜமேதார் பதவிகள். தலை நரைத்தபின் சுபேதார், அதற்குமேல் எதுவும் இல்லை.

இதை வெளிப்படையாகக் கண்டித்தவர் தாமஸ் மன்றோ. ஓர் இந்தியர் எட்டக்கூடிய உச்சம் சுபேதார் பதவி. தலைமைத் தளபதிக்கும் கடைநிலை ஐரோப்பிய அதிகாரிக்கும் எவ்வளவு தூரமோ, அந்தக் கடைநிலை அதிகாரிக்கும் சுபேதாருக்கும் அவ்வளவு தூரம் என்று 1817இல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவுக்கு எழுதினார். மன்றோவின் சொந்த வாழ்க்கையே இங்கே கவனிக்கத்தக்கது. 1780இல் சென்னைக்குக் காலாட்படை கேடட்டாக வந்த இளைஞர், இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் கைக்கு வந்தபோது அதை ஆள ஊர்மொழி தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. சென்னையின் சிவில் அதிகாரிகளிடையே அப்படிப்பட்டவர்கள் அரிது. எனவே அலெக்சாண்டர் ரீடின் கீழ் ராணுவ அதிகாரிகளே அங்கு அனுப்பப்பட்டார்கள். மன்றோ அவர்களில் ஒருவர். 1820இல் அவர் சென்னை மாகாண ஆளுநர். மொழிப் படிப்பு ஒரு படைவீரனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

சென்னை ராணுவத்தின் முதல் உண்மையான தேர்வு அதனால்தான் மொழித் தேர்வு. 1812இல் எல்லிஸின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைந்தது முதன்மையாக இளம் சிவில் அதிகாரிகளுக்காக. ஆனால் தேர்வுக் குழு, தேர்ச்சிச் சான்று, மொழி ஆசிரியரான முன்ஷியிடம் பாடம் என்ற ஏற்பாடு படை அதிகாரிகளிடமும் பரவியது. பட்டாளத்தில் மொழிபெயர்ப்பாளர் பதவியோ வேறு நல்ல பொறுப்போ வேண்டுமென்றால் இந்துஸ்தானி தேற வேண்டும். வெயில் தாழ்ந்த நேரத்தில் கன்டோன்மென்ட் பங்களா வராந்தாக்களில் முன்ஷியோடு உட்கார்ந்து மொழி கற்ற துரைமார்களே நம் ஊரில் பதவி உயர்வுக்குப் படித்த முதல் தலைமுறை. இதில் வேடிக்கை என்னவென்றால், அணியில் நின்ற சிப்பாய்களில் பெரும்பங்கினர் தெலுங்கும் தமிழும் பேசியவர்கள். அதிகாரி தேறியதோ இந்துஸ்தானி. தன் சிப்பாய்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாத அச்சம், 1806 வேலூர் எழுச்சிக்குப் பிறகு எந்தத் துரைக்கும் இல்லாமல் இருந்திருக்காது. தேர்வு அந்த அச்சத்துக்குப் பாதி மருந்தாகத்தான் இருந்தது.

1861இல் அதிகாரிகளுக்கு ஸ்டாஃப் கோர் என்ற அமைப்பு வந்தது. 12 ஆண்டில் கேப்டன், 20இல் மேஜர், 26இல் லெப்டினன்ட் கர்னல் என்று காலக்கணக்கில் உயர்வு. பிரிட்டிஷ் ராணுவத்தில் பணம் கொடுத்துப் பதவி வாங்கும் முறை 1871இல்தான் ஒழிந்தது. கம்பெனிப் படையில் அந்த வழக்கம் இருந்ததில்லை என்பதை நம்மவர்கள் பலர் அறியார். இங்கே விலை பணமல்ல, ஆயுள்.

பிறகு வந்த தேர்வுக்குத் தாள் எதுவும் கிடையாது. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய் போர்க்குணம் இழந்தவன் என்று தீர்மானித்தார். பின்னர் இந்தியாவின் தலைமைத் தளபதியானபோது அந்தத் தீர்மானம் கொள்கையாயிற்று. போர்க்குலம் என்ற கோட்பாட்டின் பெயரில் சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது வடநாட்டு ஆட்களால் நிரப்பப்பட்டன. 1920களின் முடிவில் சென்னைக் காலாட்படை என்று ஒன்று இல்லை. பொறியியல் வேலை செய்த சாப்பர்கள் மட்டும் பெங்களூரில் தப்பிப் பிழைத்தார்கள். பிறப்பையே வினாத்தாளாக்கிய இந்தத் தேர்வில் தமிழர்கள் மறுதேர்வு எழுத இரண்டாம் உலகப்போர் வர வேண்டியிருந்தது. 1941இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. ராபர்ட்ஸின் அளவுகோல் தவறு என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆள் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

அதிகாரிகளின் பக்கம் அஞ்சிய பொருள் மாறிவிட்டிருந்தது. 1902இல் தலைமைத் தளபதியாக வந்த கிச்சனருக்கு வடமேற்கு எல்லையில் ரஷ்யா. பெரிய படையை நகர்த்தவும் உணவும் வெடிமருந்தும் சேர்ப்பிக்கவும் தெரிந்த அதிகாரிகள் அவருக்கு வேண்டும். இங்கிலாந்தின் கேம்பர்லி ஸ்டாஃப் காலேஜில் இந்திய ராணுவத்துக்குக் கிடைத்த இடங்கள் போதவில்லை. 1905இல் தேவ்லாலியில் தொடங்கிய ஸ்டாஃப் காலேஜ் 1907இல் குவெட்டாவுக்குப் போனது. நுழைவுத் தேர்வில் போர்த்தந்திரமும் ராணுவச் சட்டமும் போர் வரலாறும் முன்னுக்கு வந்தன. முன்ஷி பின்னுக்குப் போனார். குவெட்டாவில் சேர்ந்த முதல் இந்திய அதிகாரி கே.எம். கரியப்பா, 1933இல். கல்லூரி தொடங்கி 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியா தன் கல்லூரியை 1948இல் நீலகிரியின் வெலிங்டனில் தொடங்கியது. மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையமும் அங்கேதான். சின்னத்தில் ஆந்தை. முப்படை அதிகாரிகளும் வெளிநாட்டினரும் சேர்ந்து படிக்கும் இந்தக் கல்லூரியில் தேறுபவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. ராணுவ அதிகாரி ஒருவர் இளநிலையில் எழுதும் பார்ட் பி, மேஜராக எழுதும் பார்ட் டி ஆகியவை தகுதித் தேர்வுகள், தேறினால் போதும். வெலிங்டன் நுழைவுத் தேர்வு போட்டித் தேர்வு, ஆகவே கதையே வேறு. வரைபடத்தை விரித்து, எதிரியின் நிலையை எடைபோட்டு, வழிகளை ஒப்பிட்டு முடிவு எழுதும் அப்ரிசியேஷன் பயிற்சி, முந்தைய வினாக்கள், பயிற்றுநர் தரும் மாதிரி விடையான டிஎஸ் சொல்யூஷன். இந்தக் கடைசிப் பொருளைப் பற்றி அதிகாரிகளிடையே எப்போதும் இரு கட்சி உண்டு. அதை மனப்பாடம் செய்பவர் தேறுவார் என்பது ஒன்று. போர்க்களத்தில் மாதிரி விடை கிடையாது என்பது மற்றொன்று. இரண்டும் சரி என்பதுதான் சிக்கல்.

தேர்வு எவ்வளவு செம்மையானாலும் மேல்மட்டப் பதவிகளை அது தீர்மானிக்கவில்லை என்பதற்கு 1959 முதல் 1962 வரையான ஆண்டுகள் சாட்சி. பதவி உயர்வுகளில் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் தலையிடுகிறார் என்ற மனக்கசப்பும் சேர்ந்துதான் 1959 ஆகஸ்ட் இறுதியில் தளபதி திம்மையா ராஜினாமா கொடுத்தார். நேரு அதைத் திரும்பப் பெறச் செய்தார். சாம் மானெக்ஷா வெலிங்டன் கல்லூரியின் தலைவராக இருந்தபோதே அவர்மீது விசாரணை வந்தது. குற்றமற்றவர் என்று முடிவாகும்வரை அவரது உயர்வு நின்றது. போர்க்களத் தலைமையில் போதிய அனுபவமில்லாத பி.எம். கவுல் நான்காம் கோரின் தளபதியானார். சீனப் போரில் தோல்விக்குப் பின் அதே கோரைப் பொறுப்பேற்கப் போனவர் மானெக்ஷா. அடுத்த ஆண்டு, 1963இல், அதிகாரிகளை விரைவாக உருவாக்கச் சென்னைப் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது.

சிப்பாய் நிலையிலிருந்து ஏறுபவர்களின் படிப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார் என்ற ஒவ்வொரு படிக்கும் கேடர் பயிற்சி உண்டு. கூடவே ராணுவக் கல்விச் சான்றிதழ், மேப் ரீடிங் தேர்வு. பிரிட்டிஷ் காலத்தில் ரோமன் எழுத்தில் எழுதிய உருது பட்டாளத்தின் பாடமொழி; விடுதலைக்குப் பின் இந்தி. ஆக, முல்லைவாயிலிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ சேர்ந்த ஒரு தமிழ் இளைஞனுக்கு எல்லோருக்கும் உள்ள பாடங்களோடு சொல்லாத பாடம் ஒன்று கூடுதலாக இருந்து வந்திருக்கிறது. அன்று துரை முன்ஷியிடம் கற்றதை இன்று சிப்பாய் பாரக்கில் சக வீரனிடம் கற்கிறான். துரைக்குப் படித் தொகையும் சான்றிதழும் கிடைத்தன. இவனுக்கு அது வெறும் வாசல்.

2004இல் அஜய் விக்ரம் சிங் குழுவின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தபின், லெப்டினன்ட் கர்னல் வரையிலான பதவிகள் மறுபடி காலக்கணக்குக்கு வந்துவிட்டன: 2 ஆண்டில் கேப்டன், 6இல் மேஜர், 13இல் லெப்டினன்ட் கர்னல். 1861இல் 26 ஆண்டு கேட்ட பதவிக்கு இப்போது பாதிக் காலம். உண்மையான வடிகட்டல் கர்னல் பதவிக்கான மூன்றாம் எண் தேர்வு வாரியத்தில்தான். அங்கே அதிகாரி நேரில் போவதில்லை. நேர்காணல் இல்லை, கேள்வி இல்லை. பெயர் மறைக்கப்பட்ட ஒரு விவரத்தாள் போகிறது. அதில் பெரும்பங்கு எடை, ஆண்டுதோறும் மேலதிகாரிகள் எழுதிய ரகசிய அறிக்கைகளுக்கு. எனவே வாரியத்துக்கு முந்தைய மாதங்களில் படித்து ஆவது ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எழுதப்பட்டு வந்த தாள் அது, எழுதியவரும் வேறு ஒருவர்.

இந்த முறையின் பலவீனம் பெண் அதிகாரிகள் வழக்கில் அம்பலமானது. 1990களில் பரங்கிமலையில் பயிற்சி பெற்று வெளிவந்த பெண்களுக்குக் குறுகிய காலப் பணி மட்டுமே இருந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நிரந்தரப் பணிக்கான உரிமையை உறுதிசெய்தது. அதன்பின் வாரியம் பார்த்த அறிக்கைகளோ, இந்தப் பெண்களுக்கு மேற்கொண்டு பதவியே இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில் எழுதப்பட்டவை. அக்கறையின்றித் தரப்பட்ட மதிப்பெண்களை வைத்துத் தகுதியை அளப்பது எப்படி நியாயமாகும் என்று 2021 மார்ச்சில் நிதிஷா வழக்கில் நீதிமன்றம் கேட்டது. 2022இல் முதன்முறையாக ஆறு பெண் அதிகாரிகள் வெலிங்டன் நுழைவுத் தேர்வில் தேறினார்கள். 2023 ஜனவரியில் கர்னல் பதவிக்கான சிறப்பு வாரியம் கூடியபோது அதன் முன் இருந்தவற்றில், அந்தப் பழைய அறிக்கைகளைச் சுமந்த கோப்புகளும் உண்டு.