பெயர் பெறாத களைப்பு

துன்பம் ஒன்று பெயர் பெறுவதற்கு முன்னரே மக்களை வருத்தும். பெயர் பெற்ற பின்னரே அதற்குப் பரிகாரம் தேடப்படும். ஆட்டிசத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இவ்வியல்பை விளக்கினார். சிங்கப்பூரில் 1992இல் ஆட்டிசச் சங்கம் அமைந்தது. 2004இல் பாத்லைட் பள்ளி தோன்றியது. பிள்ளைகளை இனங்காண நாடு கற்றுக்கொண்டது.

ஆயினும், வளர்ந்தோர் அடையும் ஒருவகைச் சோர்வு நெடுங்காலம் ஆய்வாளர் கருத்தில் படவில்லை. ஆட்டிசமுடையோர் தம்முள் பேசிவந்த அதனை, டோரா ரேமேக்கர் குழுவினர் அவர்களிடமே கேட்டறிந்து 2020இல் வரையறுத்தனர். நீங்காத களைப்பு, கைவந்த திறன்கள் குன்றுதல், ஒலி ஒளி முதலியவற்றைப் பொறுக்கும் ஆற்றல் தேய்தல் ஆகிய மூன்றும் அதன் குறிகள். பெரும்பாலும் மூன்று திங்களுக்கு மேல் அது நீடிக்கும். இயல்பை மறைத்துப் பிறரைப்போல் நடக்க முயல்வதும், தக்க துணையின்றித் தாங்கும் எதிர்பார்ப்புகளும் அதற்குக் காரணங்களாம்.

தேக்காச் சந்தைக்குத் தனியே சென்றுவந்த ஒருவர், சிராங்கூன் சாலையின் இரைச்சலைத் தாங்காது வீட்டினுள் ஒடுங்குகிறார் எனக் கொள்வோம். சோம்பல் என எண்ணும் சுற்றத்தார் விரட்டுவர். மனச்சோர்வு என்று மட்டும் கருதும் மருத்துவர், வெளியே சென்று பலரோடு பழகுமாறு கூறக்கூடும். இரண்டும் சுமையை மிகுவிக்கும். வேண்டுவன சுமைக் குறைப்பும், அமைதியான ஓய்வும், இயல்பை மறைக்க வேண்டாத சூழலுமே.

முன்பு எது எளிதாயிருந்தது, இப்போது எது இயலவில்லை? மருத்துவரும் ஆசிரியரும் முதற்கண் கேட்கவேண்டிய வினா இதுவே.